பழைய மேசையும் புதிய வீடும்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம் வீடுகளில் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். சுவருக்குச் சாயம், சன்னலுக்குப் புதுத் திரை, அப்புறம் சாப்பாட்டு மேசையைப் பார்த்து ஒரு பெருமூச்சு. "இத மொதல்ல தூக்கிப் போடணும்" என்று யாராவது ஒருவர் சொல்வார். போகிக்கும் இதே கதைதான். பழையதைக் கழிக்க வேண்டும் என்பதற்கு நன்னூலைச் சாட்சிக்கு இழுப்பார்கள். பாவம் பவணந்தி முனிவர். அவர் அந்த நூற்பாவை எழுதியது சொற்களும் வழக்கும் காலத்தோடு மாறுவதைப் பற்றி. மேசை நாற்காலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய மரச்சாமானை வீசுவதா, தேய்த்துப் புதுசாக்குவதா, அப்படியே வைத்துக்கொள்வதா என்பதைக் காசுக் கணக்காகத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். இளைஞர்களே, அதில் அறம் சம்பந்தப்பட்ட கேள்வி ஒன்றும் ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளின் மேல் விழுந்த பழைய தடத்தை அழிக்கவோ காப்பாற்றவோ யாருக்கு உரிமை? கேரி தீவில் என் மாமா வீட்டு மேசையை வைத்தே இதைப் பேசிப் பார்க்கிறேன்.

கேரி தீவை நம்மில் பலர் இறால், நண்டு சாப்பிடப் போன இடமாகத்தான் அறிவோம். லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. வாலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்டத் துரையின் பெயரைத் தாங்கிய தீவு. கடல் மட்டத்துக்குத் தாழ்வான நிலம். கரை கட்டி, மதகு வைத்து, அலையைத் தடுத்து உண்டாக்கிய தோட்டம். அந்தக் கரைக்குள்ளேதான் நம் ஆட்களின் லயங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் வந்தன. அவர்களுக்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள் மா மேரி மக்கள். மூதாதையர் நாளில் ஆடும் ஆட்டத்துக்கு மரத்தில் முகமூடி செதுக்குகிறவர்கள். மரமும் முன்னோரும் அவர்களுக்கு வேறு வேறு விஷயம் இல்லை.

நமக்கு எப்படி? தோட்டத்து வாழ்க்கையில் வீடு நமக்குச் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை ஓய்ந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சுவரில் பிள்ளையின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தாலும் அந்தக் கோடு அடுத்து வருகிறவருக்கு. கிணற்றடி, முருங்கை, பின்கட்டில் தாத்தா நட்ட மா, எதுவும் கூட வராது. லாரியில் ஏற்றக்கூடியது மட்டும்தான் குடும்பச் சொத்து. அதனால் தோட்டத்துக் குடும்பங்களில் ஒரு மேசைக்கோ அலமாரிக்கோ இருக்கும் மதிப்பு, பரம்பரை வீடு வைத்திருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. அவர்களுக்கு வீடு செய்கிற வேலையை நமக்கு மேசை செய்தது.

மாமாவுக்கு அறுபது ஆகி, வேலை ஓய்வு வந்தது. பந்திங் பக்கம் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு. அங்கே சாப்பிடும் இடம் என்பது அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு மூலை, அவ்வளவுதான். அந்த மூலைக்கு இந்த மேசை போகலாமா கூடாதா என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் பேச்சு.

மேசை தாத்தா காலத்தது. மெராந்திப் பலகை, ஒரு பக்கம் இழுப்பறை. வெள்ளம் புகுந்த நாட்களின் அடையாளமாக நான்கு கால்களும் அடியில் கறுத்திருக்கும். மேலே பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டிய பசை; அதற்குக் கீழே பச்சைச் சாயம்; அதற்குக் கீழே பழுப்பு வார்னிஷ். பலகையில் சூடான கெண்டி வைத்த வட்டம், மண்ணெண்ணெய் விளக்கு வைத்த கருப்பு, ஓர் ஓரத்தில் கத்தி பட்ட கீறல்கள். இழுப்பறையின் உட்பக்கம் பென்சில் கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, இப்படியே வரிசையாக. கடையில் கடனுக்கு வாங்கிய அரிசிக்கும் சார்டின் டின்னுக்கும் தாத்தா வைத்த கணக்கு.

எனக்கு அந்தக் கோடுகள் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசை. மாமாவும் அதே கட்சி. பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "முப்பது வருஷமா நாந்தானே தொடைக்கிறேன். அந்தக் கீறல்ல கொழம்பு போயி உக்காந்தா, குச்சி வெச்சி நோண்டி எடுக்கிறது யாரு, நீங்களா?" மாமாவிடம் பதில் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "ஒங்களுக்கெல்லாம் அது சரித்திரம் மாதிரி இருக்கு. எனக்கு அது கடன்டா. கடைக்காரர் முன்னால பை தூக்கிட்டு நின்னவ நான்."

பழைய பொருளைப் போற்ற வேண்டும் என்று பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் துடைக்கிறவர்கள் அல்லர். கோலாலம்பூரில் சில காபிக் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். சாயம் உரிந்த மேசை, துரு ஏறிய நாற்காலி, பீங்கான் குவளை. புது மரத்தையே சங்கிலியால் அடித்து, சாயத்தைச் சுரண்டி, பழசு மாதிரி ஆக்கி விற்பதும் உண்டு. நம் பாட்டிமார் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் போக்க நினைத்த அதே தோற்றத்துக்கு அங்கே தனி விலை. வறுமையில் இருந்து வெளியே வந்தவரைப் பார்த்து, "அந்த வறுமை அழகா இருந்துச்சு, அதை மறைக்காதீங்க" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? எனக்கு அந்தக் கோடுகள் வேண்டும் என்பது உண்மை. ஆனால் வேண்டும் என்பது உரிமை ஆகிவிடாது.

இதற்கு எதிராகவும் ஒரு வலுவான வாதம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் திருப்பணி என்ற பேரில் பழைய கற்கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்தார்கள். கல் பளபளவென்று ஆனது. கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப் போயின. எந்த அரசன் காலத்தில் யார் விளக்கெரிக்க ஆடு கொடுத்தார், எந்த ஊரார் எவ்வளவு நிலம் விட்டார் என்ற சேதியெல்லாம் பக்தியோடேயே துடைத்து எடுக்கப்பட்டது. ஆய்வாளர்கள் சத்தம் போட்ட பிறகுதான் தடை வந்தது. அப்படியானால் உப்புத்தாள் போட்டு மேசையைத் தேய்ப்பதும் அதே குற்றம்தானே என்று நீங்கள் கேட்கலாம்.

இல்லை என்பது என் கருத்து. கல்வெட்டு பின்னால் வருகிறவர்கள் படிக்க வேண்டும் என்றே வெட்டப்பட்டது. வெட்டியவர் இன்று இல்லை, அவரிடம் கேட்க முடியாது. அதனால் நாம் தொடக்கூடாது. இழுப்பறையில் விழுந்த கோடு யாரும் படிப்பதற்காக விழவில்லை. அந்தக் கடனைச் சுமந்த பிள்ளை இன்னும் உயிரோடு, எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். கேட்கலாம். கேட்டோம். அவர் பதிலும் சொல்லிவிட்டார்.

ஆனால் அழிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இதை நம் சமயமே நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. பூரி ஜகந்நாதர் கோயிலில் மூலவர்கள் கல்லால் ஆனவர்கள் இல்லை, வேப்ப மரத்தால் ஆனவர்கள். ஆஷாட மாதம் இரண்டு முறை வரும் ஆண்டில் புதுத் திருமேனி செய்கிறார்கள். 1996-இல் நடந்தது, அதற்கடுத்து 2015-இல். பழைய திருமேனிக்குள் இருக்கும் பிரம்ம பதார்த்தத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு புதியதற்கு மாற்றுகிறார்கள். பழையதைக் கோயில் வளாகத்திலேயே புதைக்கிறார்கள். அதற்குப் பிறகு, அந்தச் சேவையைச் செய்யும் தைதாபதிகள் தங்கள் வீட்டில் சாவு விழுந்தது போலத் துக்கம் காக்கிறார்கள். புது உருவம் வந்துவிட்டதே, இனி என்ன துக்கம் என்று அவர்கள் கேட்பதில்லை. நம் ஊர்க் கோயில்களிலும் குடமுழுக்குக்கு முன் பாலாலயம் செய்கிறோம். மூலவரின் சக்தியைப் பெரும்பாலும் ஓர் அத்திப் பலகைக்கு மாற்றி வைத்த பிறகுதான் உளியை எடுக்கிறோம். புதுப்பிப்பது நல்ல காரியம்தான், ஆனாலும் ஒன்று போகிறது என்பதை மறைக்காமல் செய்கிறோம்.

மேசைக்கு நாங்கள் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. சாமான்களை வெளியே தூக்குவதற்கு முன் மாமா ஒவ்வொரு தடத்தையும் தொட்டு, இது இன்ன வருஷம், இது இன்னார் செய்தது என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். விளக்குக் கருப்பைப் பற்றிச் சொல்லும்போது அம்மாவும் சேர்ந்துகொண்டார். இழுப்பறைக்கு வந்தபோது அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார், மாமாவும் அதைத் திறக்கவில்லை. சொல்லாமல் விடுவதும் ஒருவருடைய உரிமைதானே.

வேலை நான்கு வாரயிறுதி பிடித்தது. செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடியே தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துத் தேய்க்க வேண்டும், மூக்குக்கு நல்ல கவசம் வேண்டும், சின்னப் பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது. முதலில் 80 எண் உப்புத்தாள், பிறகு 120, கடைசியாக 240. எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் வாக்கில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கோடு வார்னிஷ் பூசிய பிறகுதான் பல்லைக் காட்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துப் போடுங்கள்.

மாமாவுக்குப் பழைய முறையில் அரக்கு மெருகு போட ஆசை. பாண்டவர்களைக் கொளுத்தக் கட்டினார்களே அரக்கு மாளிகை, அதே அரக்குதான். பூச்சி சுரப்பது, சாராயச் சத்தில் கரைத்துப் பூசுவது. மினுமினுப்பு அருமையாக இருக்கும். ஆனால் சூடான தேநீர்க் குவளை வைத்தால் வெள்ளை வட்டம் விழுந்துவிடும், மழை ஈரத்தில் பூசினால் புகைமூட்டம் மாதிரி வெளுத்துப் போகும். தீவில் அப்போது சாயங்காலம் தவறாமல் மழை. துடைக்கப் போகிறவர் அத்தை என்பதால் மேலே பாலியூரித்தேன் வார்னிஷ் என்று முடிவானது.

பச்சைச் சாயம் உரிந்து மெராந்தியின் சிவப்பு வெளியே வந்ததும் எல்லாரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். விளக்கு வைத்த கருப்பு முழுதாகப் போகவில்லை. ஆழமாக இறங்கியிருந்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று அத்தையே சொன்னார். அங்கே குழம்பு தேங்காதாம். இழுப்பறை மட்டும் தொடாமல் தனியே கிடந்தது. மூன்றாவது ஞாயிறு அம்மா வந்தார். என் கையில் இருந்த உப்புத்தாளை வாங்கிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து, தானே தேய்த்தார். அரைமணி நேரம் ஆகியிருக்கும். யாரும் உதவிக்குப் போகவில்லை. முடித்ததும் தூசியைத் தட்டிவிட்டு, "பசியாறலாமா?" என்று கேட்டார்.

ஆறு நாற்காலிகளில் இரண்டு உளுத்துப் போயிருந்தன, தொட்டால் மாவாக உதிர்ந்தன. அவற்றுக்குப் பதில் கிள்ளானில் ஒரு கடையில் இரண்டு புது நாற்காலி வாங்கினோம். வெளிர் நிறம், வழவழப்பு, எந்தத் தடமும் இல்லை. ரப்பர் மரம் என்று சீட்டில் போட்டிருந்தது. இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முன்பெல்லாம் விறகுக்கு வெட்டினார்கள், இல்லை நின்ற இடத்திலேயே எரித்தார்கள். அந்தப் பலகையில் மாவுச்சத்து அதிகம், பூஞ்சையும் வண்டும் சும்மா விடாது. அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றக் கற்றுக்கொண்ட பிறகு 1980-களில் இருந்து மூவார் போன்ற ஊர்களில் அது மேசை நாற்காலியாகி உலகம் முழுக்கப் போகிறது. ஆக, பழசில்தான் நம் கதை இருக்கிறது, கடையில் வாங்கும் புதுசில் ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேரி தீவுக்கு வருவதற்கு முன் பாட்டி பால் வெட்டியவர். விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனவர்.

புது வீட்டில் சாப்பிட உட்கார்ந்த முதல் நாள் இதை அத்தையிடம் சொன்னேன். நாற்காலியைத் தடவிப் பார்த்தவர் மாமா பக்கம் திரும்பி, "இது பால் மரமாம்ல? ஒங்கம்மா இருந்திருந்தா இதுல உக்காந்திருக்கவே மாட்டாங்க. ஆயுசுக்கும் அது மூஞ்சில முழிச்சது போதாதான்னு கேட்டிருப்பாங்க" என்றார்.