கொத்தி எருவிட வருவோர் யார்?

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு – லூக்கா 13:1-9



இன்றைய நற்செய்தியில், வெட்டுவதற்குத் தீர்ப்பாகிவிட்ட ஓர் அத்திமரம் நிற்கிறது. மூன்று ஆண்டுகளாகக் கனி இல்லை. நிலத்தை அடைத்துக்கொண்டு ஏன் நிற்கவேண்டும் என்று உரிமையாளர் கேட்பது நியாயம்தான். தோட்டத் தொழிலாளர் அதற்காகப் பரிந்து பேசுகிறார். மரத்தின் பெருமை எதையும் அவர் எடுத்துச் சொல்லவில்லை. ஓராண்டு தவணை கேட்கிறார். அந்த ஓராண்டில் வேரைச் சுற்றிக் கொத்தி எருவிடும் வேலையைத் தாமே ஏற்றுக்கொள்கிறார். நாமும் பிறருக்காக மன்றாடுகிறோம். ஆனால் மண்வெட்டியைக் கையில் எடுக்கும் அந்தப் பாதியை எத்தனை முறை விட்டுவிடுகிறோம்! உரிமையாளர் பொறுத்திருக்க வேண்டும், தொழிலாளர் உழைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த மரத்துக்கு வாழ்வு.

எத்தியோப்பியாவின் வடக்கு மேட்டுநிலத்தில் இதை நம் காலத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். உழவுக்கும் மேய்ச்சலுக்குமாக அங்கே காடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. வானிலிருந்து பார்த்தால் பழுப்பு வயல்களுக்கு நடுவே சிறுசிறு பச்சைத் திட்டுகள் தெரியும். அந்தத் திட்டுகளின் நடுவில் ஆலயங்கள் இருக்கின்றன. ஆலயத்தைச் சுற்றிய காடும் புனிதமானது என்று எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்ததால் எஞ்சியவை அவை. காட்டு ஒலிவ மரங்களும் ஜூனிப்பர் மரங்களும் இன்றும் அங்கே நிற்கின்றன.

ஆனால் அந்தத் திட்டுகளும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தன. மாடுகள் உள்ளே புகுந்து நாற்றுகளை மேய்ந்தன. ஏர் ஆண்டுதோறும் சற்று உள்ளே நகர்ந்தது. கிழமரங்கள் நின்றன, அவற்றின் இடத்துக்கு வர இளமரங்கள் இல்லை. அந்நாட்டு அறிஞர் அலெமயெஹு வாஸி இதை ஆராய்ந்தவர். அவரோடு சேர்ந்தவர் அமெரிக்கரான மார்கரெட் லோமன். 1979 முதல் ஆஸ்திரேலியக் காடுகளில் கயிறு கட்டி மர உச்சிகளுக்கு ஏறி ஆராய்ந்த பெண்மணி. இருவரும் குருக்களைக் கூட்டி, செயற்கைக்கோள் படங்களைக் காட்டினார்கள். தங்கள் காடு சுருங்கியிருப்பதைக் குருக்கள் கண்ணால் கண்டார்கள். காட்டைச் சுற்றிக் கல்சுவர் எழுப்புவது என்று முடிவாயிற்று.

கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? உழவர்களின் சொந்த வயல்களிலிருந்து. ஏர்முனையில் இடறிக்கொண்டிருந்த கற்களைப் பொறுக்கிச் சுமந்து வந்து, சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். வயல் உழுவதற்கு எளிதானது, மாடு வெளியே நின்றது, சுவருக்குள்ளே நாற்றுகள் தலைதூக்கின. லோமன் தம் நாட்டில் நிதி திரட்டினார். அறிஞர் சொன்னால் மட்டும் உழவர் மாட்டை வெளியே கட்டியிருப்பாரா? குருவின் சொல்லுக்கு மதிப்பு இருந்தாலும் பணம் வேண்டாமா? பணம் இருந்தாலும் கல் சுமக்க ஊர் வரவேண்டாமா? தூய பவுல் உடலையும் உறுப்புகளையும் பற்றி எழுதியதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் அறியேன்.

இப்படி ஒருவரையொருவர் சார்ந்து உழைப்பவர்களாக, நம் தெருக்களில் மரம் கழிக்க வருகிறவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். முறையாகப் பழகிய குழுவில் ஒருவர் மேலே கயிற்றில் இருப்பார். இன்னொருவர் கீழே நின்று அவரையே கவனிப்பார். கிளையை வீழ்த்துமுன் மேலிருந்து குரல் வரும். கீழிருந்து மறுகுரல் வந்த பிறகுதான் ரம்பம் ஓடும். அத்தனை ஆபத்தான தொழில் அது. அவர்களிடம் கூலி பேரம் பேசும்போது, கயிறும் தலைக்கவசமும் இருக்கிறதா என்று கேட்கிறோமா? கேட்பது நம் கடமை.

அன்பானவர்களே, நம் ஆலய வளாகத்து வேம்பைப் பாருங்கள். அடிமரம் வரை சிமெண்ட் பூசியிருக்கிறது; வேருக்குக் காற்றும் நீரும் போக வழியில்லை. திருவிழா விளக்குகளுக்காகக் கட்டிய கம்பி அவிழ்க்கப்படாமல், மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் இறங்கிவிட்டது. இலைகள் செய்த உணவு வேருக்கு இறங்குவது அந்தப் பட்டை வழியாகத்தான். முன்பு ஒரு கிளையை அரிவாளால் வெட்டி, முளைபோல் மிச்சம் விட்டிருக்கிறோம், அது உளுத்துக்கொண்டிருக்கிறது. கிளை அடியில் புடைத்திருக்கும் வளையத்தை ஒட்டி வெட்டியிருந்தால், மரமே அந்தக் காயத்தை மூடியிருக்கும்.

வரும் சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் இந்த வேம்பைச் சுற்றியுள்ள சிமெண்டைப் பெயர்க்கப்போகிறோம். கம்பியையும் முளையையும் எடுக்க, தொழில் தெரிந்தவரை உரிய கூலி கொடுத்து அழைத்திருக்கிறோம். கோடைக்கு நீர் ஊற்றும் பொறுப்பை அன்பியங்கள் வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். இதன் நிழலில் வண்டி நிறுத்தும் ஆட்டோ ஓட்டுநர்களையும், எதிரே உள்ள டீக்கடைக்காரரையும், அரசுப் பள்ளி ஆசிரியர்களையும் நீங்களே நேரில் போய் அழையுங்கள். எந்தச் சமயத்தவராயினும் அழையுங்கள். இளைஞர்களே, உங்களை முதல் ஆட்களாக எதிர்பார்க்கிறேன். வீட்டில் கடப்பாரை, மண்வெட்டி, மக்கிய எரு வைத்திருப்பவர்கள் தவறாமல் கொண்டுவாருங்கள்.