நீண்ட கையின் உட்புறம்

தூரம்

குத்துச்சண்டையில் எடைக்குப் பிரிவு உண்டு, உயரத்துக்கு இல்லை. தராசில் ஒன்றாக நிற்கும் இருவர் ரிங்குக்குள் வந்ததும் வேறாகிவிடுகிறார்கள். ஒருவர் நெடிது வளர்ந்து கை நீண்டிருப்பார். மற்றவர் அண்ணாந்து பார்த்துத்தான் சண்டையைத் தொடங்க வேண்டும். ஹெவிவெயிட்டில் எடைக்கும் உச்சவரம்பு கிடையாது. அங்கே குட்டையானவருக்குச் சோதனை இன்னும் கடுமை.

நெட்டையானவருக்கென்று சொந்தமாக ஒரு தூரம் இருக்கிறது. அவருடைய ஜாப், அதாவது முன்பக்கக் கையை நேராக நீட்டி அடிக்கும் குத்து, எதிராளியின் முகத்தைத் தொடும். எதிராளியின் கை அவர் முகத்துக்கு எட்டாது. அந்த இடைவெளி மிகச் சிறியது. முகம்மது அலியின் கைவீச்சு 78 அங்குலம், ஜோ ஃபிரேசியருடையது 73. இரு கைகளையும் விரித்து நுனிக்கு நுனி அளக்கும் கணக்கு இது. ஒரு கைக்குப் பிரித்தால் இரண்டரை அங்குலம்தான் வித்தியாசம். அந்த இரண்டரை அங்குலத்துக்குள் எத்தனையோ பேரின் சண்டை வாழ்க்கை முடிந்துபோயிருக்கிறது.

குட்டையானவர் ஒருபோதும் தங்கக் கூடாத இடம் அதுதான். ஒன்று, ஜாப் எட்டாத வெளியே நிற்க வேண்டும். அல்லது நீண்ட கை மடங்கித் திணறும் நெருக்கத்துக்குள் போய்விட வேண்டும். நடுவில் நின்று யோசிப்பவர் அடி வாங்கிக்கொண்டே யோசிப்பார்.

வேண்டப்படும் குத்து

வெளியிலிருந்து உள்ளே எப்படிப் போவது? பாய்ந்து போகலாம். துணிச்சலுள்ள இளைஞர்கள் முதலில் செய்வது அதுதான். ஆனால் நேர்கோட்டில் பாய்கிறவருக்காக நெட்டையானவரின் வலது கை காத்திருக்கிறது. பாய்ந்து வந்த வேகமும் அந்தக் குத்தோடு சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு வழி, அவரை அடிக்க விடுவது. ஒரு கை நீளும்போது என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். காவலில் இருந்த கிளவுஸ் முகத்தை விட்டு வெளியே போகிறது. எடை முன்காலுக்கு வருகிறது. எதிரே நிற்பவர் குள்ளம் என்றால் குத்து கீழ்நோக்கிப் போக வேண்டும். தோளும் தாடையும் கூடவே இறங்குகின்றன. போன கை திரும்பிவந்து சேரும்வரை அந்தப் பக்கத்து விலாவுக்குக் காவல் இல்லை. எட்டாத உயரத்தில் இருந்தவர் தானே இறங்கி எட்டும் இடத்துக்கு வருகிற நேரம் அது ஒன்றுதான்.

ஆகவே எதிர்க்குத்தில் தேர்ந்த குள்ளமான வீரருக்கு எதிராளியின் குத்து வேண்டும். அது தன்மேல் படாமல் போகவும் வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் ஒரே நொடியில் நிறைவேற்றுவதே அவருடைய கலை. நான் இந்த விளையாட்டின் பழைய பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த நொடிக்காகத்தான்.

தோள்

கண்ணால் கண்ட ஒன்றுக்கு உடல் எதிர்வினை தொடங்கவே ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி ஆகிவிடும். நல்ல ஜாப் வந்து சேரவும் அவ்வளவு நேரம்தான். கிளவுஸ் புறப்பட்ட பிறகு விலகலாம் என்று இருப்பவருக்கு நேரமே கிடைக்காது.

அதனால் தேர்ந்தவர்கள் கிளவுஸைப் பார்ப்பதில்லை. பார்வையை எதிராளியின் நெஞ்சு, தோள் பக்கமாக வைத்து, மொத்த உடலையும் அதற்குள் அடக்கிக்கொள்கிறார்கள். முன்கால் ஒரு விரற்கடை நகர்வது, தோள் மெல்ல உயர்வது, முழங்கை விலாவை விட்டு அகல்வது: குத்து இவற்றில்தான் தொடங்குகிறது. சிலர் காத்திருப்பதோடு நிற்பதில்லை, கேட்டும் வாங்குவார்கள். தலையை வேண்டுமென்றே ஒரு பக்கம் நீட்டி வைப்பார்கள், அல்லது அரை அடி முன்னே வந்து நிற்பார்கள். எதிராளி அந்த இடத்தைப் பார்த்து அடிப்பார். எங்கே, எப்போது அடி வரும் என்பதை அடி வாங்க வேண்டியவரே தீர்மானித்துவிட்டார் என்றால், ஐந்தில் ஒரு வினாடி தாராளமான நேரம்.

தலை முதலில், கை பிறகு

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் என்ற சிற்றூரில், காவல் நிலையத்துக்கு மேல்மாடியில் ஒரு பயிற்சிக்கூடம் இருந்தது. அதை நடத்திய கஸ் டமாட்டோ, 1956இல் ஃபிளாய்ட் பேட்டர்சனை 21 வயதில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆக்கியவர். அவரிடம் பதின்மூன்று வயதுவாக்கில் வந்து சேர்ந்த மைக் டைசன், டமாட்டோ இறந்த மறு ஆண்டு, 1986 நவம்பரில், 20 வயதில் அதே பட்டத்தை வென்றார். டைசனின் உயரம் 5 அடி 10 அங்குலம். எதிரே நின்றவர்களில் பெரும்பாலோர் அவரைவிட உயரமானவர்கள்.

இரண்டு கிளவுஸ்களையும் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஓயாமல் நகர்த்தும் முறை அங்கே கற்றுத்தரப்பட்டது. தலை உயரத்தில் ஒரு சிறு பை கயிற்றில் தொங்கும். அதைத் தள்ளிவிட்டால் முகத்தை நோக்கித் திரும்பி வரும். படாமல் தலையை விலக்க வேண்டும். அடுத்த வீச்சுக்குள் மறுபக்கம் போயிருக்க வேண்டும். குத்து எதுவும் கிடையாது. தலை மட்டும்.

இந்தப் பயிற்சி தற்காப்புக்கு மட்டுமானது போலத் தோன்றும். உடலின் எடை எங்கே போகிறது என்று கவனித்தால் விஷயம் புரியும். வலக்கைக்காரர் இருவர் மோதும்போது, எதிராளியின் ஜாப்பிலிருந்து வலது பக்கம் சாய்ந்தால் அந்தக் கைக்கு வெளியே வந்துவிடலாம். எடை வலது காலில் ஏறியிருக்கும். வலது கை குத்தத் தயாராக இருக்கும். இடது பக்கம் சாய்ந்தால் கைக்கு உட்புறம் போகிறோம். அது ஆபத்தான பக்கம், எதிராளியின் வலது கை அங்கேதான் இருக்கிறது. ஆனால் எடை இடது காலில் இறங்கியிருக்கும். பக்கவாட்டில் வளைந்து வரும் இடது ஹூக்குக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஊஞ்சல் பின்னே போன தூரம்தான் முன்னே வரும் வேகமாகிறது. விலகலும் குத்தும் அப்படி ஒரே வீச்சின் இரு பாதிகள். விலகி முடித்துவிட்டு, நின்று, பிறகு குத்துகிறவர் அந்த வேகத்தை முழுதாக இழந்துவிடுகிறார்.

குனிவது முழங்காலில் இருக்க வேண்டும், இடுப்பில் கூடாது. இடுப்பை வளைத்தால் பார்வை தரைக்குப் போய்விடும். தரையைப் பார்ப்பவருக்குக் கீழிருந்து மேலே எழும் அப்பர்கட் வருவது தெரியாது.

1971, மார்ச் 8

நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். அலியும் ஃபிரேசியரும், இருவருமே அதுவரை தோற்காதவர்கள். அலி 6 அடி 3 அங்குலம். ஃபிரேசியர் ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு.

ஃபிரேசியர் தென் கரோலினாவில் உழுது பிழைத்த குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் பன்றி துரத்தி விழுந்ததில் இடது கை அடிபட்டதாகவும், வைத்தியம் பார்க்க வசதியில்லாமல் அது தானாகவே ஆறியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அதன்பின் அந்தக் கை முழுமையாக நீளவில்லை. நேராக நீளாத கைக்கு ஜாப் சரியாக வராது. மடங்கியே இருக்கும் கைக்கு ஹூக் இயல்பாக வரும். உலகம் கண்ட மிகச் சிறந்த இடது ஹூக்குகளில் ஒன்று அப்படி உருவானது.

அவருடைய பயிற்சியாளர்களில் ஒருவரான எடி ஃபட்ச் அலியிடம் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அலி வலது கையால் அப்பர்கட் போடும்போது நிமிர்ந்து நின்றபடியே போடுவார். அதற்காக அந்தக் கை தாடையை விட்டுக் கீழே இறங்கும். அவரை அந்தக் குத்துக்குத் தூண்ட வேண்டுமானால் ஃபிரேசியர் தாழ்ந்து தாழ்ந்து வர வேண்டும். கை இறங்கியதும் இடது ஹூக். திட்டம் இவ்வளவுதான்.

பதினான்கு ரவுண்டுகள் ஃபிரேசியர் தாழ்ந்து வந்துகொண்டே இருந்தார். ஜாப்புகள் முகத்தில் விழுந்துகொண்டும் இருந்தன. பதினோராவது ரவுண்டில் அலி ஒருமுறை தள்ளாடினார். பதினைந்தாவதின் தொடக்கத்தில் அலியின் வலது கை இறங்கியது. ஃபிரேசியரின் முழங்கால்கள் மடங்கி, எடை இடப்பக்கம் ஏறி, அங்கிருந்து உடல் முழுவதும் சுழன்று எழுந்தது. கிளவுஸ் அலியின் தாடையில் பட்டபோது ஃபிரேசியரின் இரு பாதங்களும் கிட்டத்தட்டத் தரையை விட்டிருந்தன. அலி மல்லாந்து விழுந்தார். உடனே எழுந்து சண்டையை முடிக்கவும் செய்தார். மூன்று நடுவர்களும் ஃபிரேசியருக்கே வெற்றி தந்தார்கள்.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்த ஹூக்கை. எனக்கு அதற்கு முந்தைய பதினான்கு ரவுண்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. ஒரு கை இறங்குவதற்காக ஒரு மனிதர் நாற்பது நிமிடத்துக்கும் மேலாகக் குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

சிறையில் கற்றவர்

டுவைட் பிராக்ஸ்டன், பின்னாளில் டுவைட் முஹம்மது காவீ, 5 அடி 7 அங்குலம்கூட முழுதாக இல்லாதவர். சண்டையிட்டதோ லைட் ஹெவிவெயிட்டில். நியூ ஜெர்சியின் ராவே சிறையில் கைதியாக இருந்தபோது குத்துச்சண்டை கற்றார். அமெச்சூர் அனுபவம் இல்லாமலே தொழில்முறைக்கு வந்தார். 1981இல் அதே சிறைக்குள் திரும்பிப் போய், அங்கிருந்தபடியே உலகத் தரவரிசை வீரர்களோடு மோதிவந்த ஜேம்ஸ் ஸ்காட் என்ற கைதியை வென்றார். அந்த டிசம்பரில் மேத்யூ சாட் முஹம்மதைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி உலகப் பட்டம் பெற்றார்.

அவரிடம் ஓட்டம் இல்லை, பாய்ச்சல் இல்லை. எதிராளியின் மார்புக்கு எதிரில் நின்றுகொள்வார். தோளாலும் தலையின் சிறு திருப்பத்தாலும் குத்துகளை வழுக்கிப் போகவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் தருவார். தலை நகர்வது இரண்டு அங்குலம், மூன்று அங்குலம்; அதற்கு மேல் வீணாக்க மாட்டார். நெருக்கத்தில் நின்றால் நீண்ட கைக்குப் பின்னிழுக்க இடம் வேண்டும், குட்டைக் கைக்கு வேண்டாம் என்ற எளிய உண்மையை இவ்வளவு அமைதியாக நிரூபித்தவர்கள் குறைவு.

மறுபக்கம்

இந்தக் கலைக்கும் எல்லை உண்டு. 1973 ஜனவரியில், ஜமைக்காவின் கிங்ஸ்டனில், ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டு ரவுண்டுக்குள் ஃபிரேசியரை ஆறு முறை வீழ்த்தினார். தாழ்ந்து வந்தவரை இரண்டு கைகளாலும் தள்ளி நிறுத்தினார். மீண்டும் தாழ்ந்தபோது கீழிருந்து அப்பர்கட் வந்தது. அலியின் அப்பர்கட்டில் இருந்த பிழை ஃபோர்மனிடம் இல்லை. ஒரே தாளத்தில், ஒரே பாதையில் குனிகிறவரின் தலை அடுத்து எங்கே வரும் என்பது எதிராளிக்கும் தெரிந்துவிடுகிறது.

எதிர்க்குத்து குட்டையானவர்களின் தனிச்சொத்தும் இல்லை. 2012 டிசம்பர் 8, லாஸ் வேகாஸ். மேனி பாக்கியாவோவைவிடச் சற்றே உயரமான ஹுவான் மானுவல் மார்க்கெஸ், தங்கள் நான்காவது சண்டையின் ஆறாவது ரவுண்டில், மணி அடிக்க ஒரு நொடி இருக்கையில், முன்னே வந்த பாக்கியாவோவை ஒற்றை வலது கையால் சாய்த்தார். ஐந்தாவதில் விழுந்திருந்தவர் மார்க்கெஸ்தான். மூக்கில் ரத்தத்தோடு நின்றார். ஆனாலும் பாக்கியாவோவின் வருகைக்காகக் காத்திருக்கும் மனம் அவரிடம் கலையவில்லை. உள்ளே போயாக வேண்டிய குள்ளமான வீரர், போகும் அந்த அரை அடியில் தானும் ஓர் இலக்கு என்பதை மறக்கவே கூடாது.

விலை

1971 வெற்றிக்குப் பிறகு ஃபிரேசியர் மருத்துவமனையில் படுத்திருந்தார். 1975 அக்டோபர் 1, மணிலா. அலியுடன் மூன்றாவது சண்டை. பதினான்கு ரவுண்டு முடிவில் முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. எதிர்க்குத்துக்கு முதல் தேவை பார்வை, அது போய்விட்டது. பதினைந்தாவதுக்கு எழ முயன்றவரை எடி ஃபட்ச் தடுத்துச் சண்டையை நிறுத்தினார். எனக்கு இந்த விளையாட்டில் தெரிந்த மிகப் பெரிய கருணைச் செயல் அது.

குட்டையான வீரர்களைப் புகழும்போது நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்: நல்லா அடி தாங்குவான். அந்தப் புகழ்ச்சி எனக்கு ஒப்பவில்லை. தாங்கிய அடிகள் உடலை விட்டுப் போவதில்லை; மூளை அவற்றைப் பல ஆண்டுகள் கழித்து நினைவுபடுத்துகிறது. ஃபிரேசியரின் நெஞ்சுரத்தை நான் வணங்குகிறேன். ஆனால் பின்னால் வரும் பிள்ளைகள் அவரிடம் கற்க வேண்டியது முழங்காலும் தோளும் தலையின் அசைவும்தான். முகத்தில் வாங்கிய ஜாப்புகளை அல்ல.

பயிற்சி தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கூடத்துக்குக் குட்டையான பையனோ பெண்ணோ வந்தால், முன்னேறி அடி என்று தள்ளிவிடாதீர்கள். கயிற்றில் ஒரு பையைத் தொங்கவிட்டு, அது முகத்தில் படாமல் நெடுநாள் தலையை நகர்த்தப் பழக்குங்கள். எதிராளியின் தோளைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். குத்தைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். அதற்குக் காலம் இருக்கிறது.