விதைநெல்லும் விளைநெல்லும்

வணிகத் தலைமைக்கு உரியது புதுமை நாட்டமா, நடைமுறைச் செம்மையா? அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவன வரலாறு இவ்வினாவிற்கு விடை பகர்கின்றது.

ஆய்வாளர்கள் தம் பணிநேரத்தில் 15 விழுக்காட்டை விரும்பிய ஆய்வில் செலவிடலாம் என்பது அங்கு நெடுநாள் வழக்கம். 1968இல் ஸ்பென்சர் சில்வர் கண்ட பசை இறுகப் பற்றாதது. பயனற்றதெனத் தோன்றிய அதுவே 1980இல் ஒட்டிப் பிரிக்கும் குறிப்புத்தாளாக விற்பனைக்கு வந்தது. 2001இல் தலைமையேற்ற ஜேம்ஸ் மெக்னெர்னி, பத்து இலட்சத்திற்கு 3.4 பிழையே எல்லை எனும் 'சிக்ஸ் சிக்மா' முறையை ஆய்வுக்கூடத்திலும் புகுத்தினார். இலாபம் உயர்ந்தது, புதுமையின் ஊற்றோ சுருங்கியது. 2005இல் பின்வந்த ஜார்ஜ் பக்லி, ஆலையில் அம்முறையைத் தொடரவிட்டு, ஆய்வுக்கூடத்தில் தளர்த்தினார்.

முறை தீயதன்று, எவ்விடத்திற்கும் அதுவே போதுமென்னும் ஏகாந்தமே தீது. தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் பொருளின் இயல்பென்பது நம் ஆகமக் கொள்கை. ஆலைக்குப் பிழையின்மை அழகு. ஆய்வுக்குப் பிழைபொறுத்தல் அழகு.

விதைநெல்லைக் குற்றி உண்பவனுக்கு இவ்வாண்டு பசியில்லை. ஆயின் அந்நெல் வருவோர்க்கும் உரியதன்றோ? அதனை இன்றைய இலாபமாகக் காட்டுதல் கள்ளாமை விரதத்திற்கு ஒவ்வுமா என்பதைக் கடைநடத்தும் நம் இளைஞர்கள் எண்ணிப் பார்ப்பாராக.