பந்து வானத்தில் இருக்கும்போது

அமெரிக்கர்களின் பேஸ்பாலில் 'இன்ஃபீல்ட் ஃப்ளை' என்று ஒரு விதி இருக்கிறது. பேஸ்பால் எனக்குத் தெரியாத ஆட்டம், கிரிக்கெட்டே அரைகுறைதான். இருந்தும் இந்த விதியைப் பற்றிப் படித்த அன்று இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் ஆட்டம் அல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விதி பிறந்த கதை ஒரு சின்ன மோசடியின் கதை. கிரிக்கெட்டில் பந்தை அடித்தவன் ஓடியே தீரவேண்டும் என்பதில்லை. பேஸ்பாலில், அடித்த பந்து மைதானத்துக்குள் விழுந்தால் அவன் முதல் பேஸுக்கு ஓடித்தான் ஆகவேண்டும். அங்கே ஏற்கெனவே நிற்கிறவன் அவனுக்கு இடம் விட்டு இரண்டாவது பேஸுக்கு ஓட வேண்டும். இரண்டாவதில் நிற்பவன் மூன்றாவதுக்கு. பந்து விழாமல் பிடிபட்டுவிட்டாலோ, எல்லாரும் தத்தம் பழைய பேஸுக்கே திரும்பியாக வேண்டும். ஆகவே பந்து வானத்தில் இருக்கும் வரையில் பாவம், அவர்களால் போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. இந்தத் திண்டாட்டத்தைக் கண்ட சாமர்த்தியசாலிகள், கைக்குள் வந்த பந்தை வேண்டுமென்றே நழுவவிட்டார்கள். ஒருவன் அவுட்டாக வேண்டிய இடத்தில் இரண்டு பேர் அவுட்!

1890-களில் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். முதல் இரண்டு பேஸ்களிலோ, மூன்றிலுமோ ஆள் இருக்கும்போது, இரண்டு பேர் அவுட்டாவதற்கு முன், உயரக் கிளம்பிய பந்தை உள்மைதான ஆட்டக்காரர் ஒருவர் 'சாதாரண முயற்சி'யால் பிடிக்கக் கூடுமானால், அடித்தவன் அவுட் என்று அம்பயர் அப்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு பந்து பிடிபட்டால் என்ன, விழுந்தால் என்ன? 1975-ல் பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்துச் சட்டப் பத்திரிகை, ஆசிரியர் பெயர் போடாமல், இந்த விதியைப் பற்றி ஒரு வேடிக்கைக் கட்டுரையே வெளியிட்டது. வக்கீல்களுக்கு இது பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் சாதாரண முயற்சி என்பதை எதை வைத்து அளப்பது? மைதானத்தில் அதற்குக் கோடு போட்டு வைக்கவில்லை. புல் தொடங்கும் இடம்தான் எல்லை என்றும் விதி சொல்லவில்லை. அந்த மட்டத்து ஆட்டத்தில் நடுத்தரத் திறமையுள்ள ஒருவரால் முடியுமா, காற்று எப்படி, தரை எப்படி என்பதையெல்லாம் அம்பயரே எடைபோட வேண்டும். அனுபவமுள்ள அம்பயர்கள் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லையாம். பந்து உச்சிக்குப் போனதும் பார்வையை ஆட்டக்காரரிடம் திருப்புகிறார்கள். அவர் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருக்கிறாரா, அல்லது நிதானப்பட்டு அண்ணாந்து காத்திருக்கிறாரா? நிதானப்பட்டுவிட்டால் கை உயர்கிறது. சீக்கிரம் சொன்னால் தவறாகிவிடலாம். தாமதித்தால் விழிகள் இன்னும் நிச்சயமாகும், ஆனால் யாரைக் காப்பாற்ற விதி ஏற்பட்டதோ அந்த ஓட்டக்காரர்களுக்குப் பயன் இருக்காது.

2012 அக்டோபர் 5-ஆம் தேதி அட்லாண்டாவில் இது நடந்தது. உள்ளூர் பிரேவ்ஸ் அணிக்கும் ஸெயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கும் போட்டி. தோற்றவர்கள் அந்த வருஷத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். எட்டாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட், இரண்டு பேஸ்களில் ஆள். உயரக் கிளம்பிய பந்தை நோக்கிக் கார்டினல்ஸின் கோஸ்மா பின்னாலேயே வெகுதூரம் ஓடினார், அதன் கீழ் வந்தார், திடீரென்று விலகிக்கொண்டார். பந்து பொத்தென்று புல்லில் விழுந்தது. அதற்குச் சற்று முன்புதான் அம்பயர் ஸாம் ஹோல்புரூக்கின் கை உயர்ந்திருந்தது. அடித்தவர் அவுட்! ஜனங்கள் பாட்டில்களையும் குப்பைகளையும் மைதானத்தில் வீசினார்கள். ஆட்டம் 19 நிமிஷம் நின்றது. பிரேவ்ஸ் கொடுத்த ஆட்சேபம் தள்ளுபடியாயிற்று. 6-3 என்று தோற்றும் போனார்கள்.

நானும் முதலில் ஜனங்கள் கட்சிதான். விழுந்த பந்தைப் பிடிக்கக்கூடிய பந்து என்கிறாரே, கண் அவிந்துவிட்டதா? இரண்டாவது முறை யோசித்தபோதுதான் உறைத்தது: அம்பயரிடம் கேட்கப்பட்ட கேள்வி, விழுந்ததா என்பதே அல்ல. பிடித்திருக்கலாமா என்பதுதான். கோஸ்மா அதன் கீழ் வந்து நின்றது உண்மை. ஹோல்புரூக் மீது எனக்குக் குறை உண்டு என்றால், அது கை அவ்வளவு தாமதித்து உயர்ந்ததைப் பற்றி. ஓட்டக்காரர்களுக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பிரயோஜனம்? ஆனால் பாட்டில் வீசியவர்கள் அதற்காகவா வீசினார்கள்? பந்து தரையில் கிடந்தது, அதற்காக வீசினார்கள்.

தூக்கம் வராததற்குக் காரணம் என் சித்தப்பா. பல வருஷங்களுக்கு முன்பு ஓர் இரவு அவருக்கு நெஞ்சில் வலி. எங்கள் தெரு டாக்டர் வந்து பார்த்தார். "வாயுவாக இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மருந்து கொடுத்துவிட்டுப் போனார். விடிவதற்குள் சித்தப்பா போய்விட்டார். அன்று தெருவில் நின்றுகொண்டு அந்த டாக்டரைப் பற்றி நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சித்தி அவர் வீட்டு வாசல் வழியாக நடப்பதையே நிறுத்திவிட்டாள். பிற்பாடு அவரும் ஊரை விட்டுப் போய்விட்டார்.

அவர் செய்தது சரி என்று நான் இப்போதும் சொல்லவில்லை. அலட்சியமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இரவு பத்து மணிக்கு அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது, நாடி எப்படி இருந்தது, சித்தப்பா அவரிடம் எதையாவது மறைத்தாரா என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கலாமென்றால் அவர் இல்லை.