பாய முடியாதவருக்காகக் கட்டுங்கள்

நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகு புறப்படுகிற குறிகட்டுவான் இறங்குதுறையைத் திருத்தவேண்டும், கடலுக்குள் இன்னும் நீட்டவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முன்னுக்கு வருவது சுற்றுலாக் கணக்குத்தான். நெடுந்தீவுக் குதிரைகள், பவளக்கல் வேலிகள், நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும். பார்க்க வருகிறவர்கள் வரட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்தத் துறையின் முதல் உரிமைக்காரி, யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்குப் போய் முழங்கால் வலியோடு திரும்புகிற நெடுந்தீவுக் கிழவி. அவளுக்குப் பின்னால் கைக்குழந்தைக்காரியும், அரிசி மூட்டையோடு நிற்கிற கடைக்காரரும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் துறையோரம் படகு எழும்பி எழும்பித் தாழும். மேலே நிற்பவர் கையைப் பிடித்து இழுக்க, கடவுளே என்று பாயவேண்டும். பாய முடியாதவர் யாரோ, அவரை வைத்து அளவெடுங்கள். அவர் தடியை ஊன்றியபடி நடந்து ஏறினால் துறை சரி. ஏற முடியவில்லையென்றால் எத்தனை மீற்றர் நீட்டியும் பயனில்லை.

இந்தக் கடல் ஆழமில்லாதது. துறையை நீட்டுவானேன், அடியைத் தோண்டிவிடலாமே என்று ஒருவர் சொல்வார். கேட்காதீர்கள். தோண்டிய வாய்க்காலை மண் மறுபடி மூடும். மீனும் நண்டும் கடற்பசுவும் மேய்கிற கடற்புல்தான் அழிந்துபோகும். கல்லைக் கொட்டி மேடாக்கி நீட்டலாம், செலவு குறைவு என்று இன்னொருவர் வருவார். அதையும் கேட்காதீர்கள். நீரோட்டத்தை மறித்தால் ஒருபக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிபடும். தூண்களில் நிறுத்தினால் தண்ணீர் அடியால் போய்வரும். செலவு கூடத்தான். மிச்சம் பிடித்த காசைப் பிறகு கரைவலைக்காரர் கட்டவேண்டிவரும்.

ஒப்பந்தக்காரரே, உங்களுக்குத்தான் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கழுவாத கடல்மணலையும் உவர்த்தண்ணீரையும் கொங்கிறீற்றில் கலக்காதீர்கள். உப்பு கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துருப்பிடித்த கம்பி வீங்கி, தன்னை மூடிய கொங்கிறீற்றையே பிளக்கும். கம்பிக்கு மேல் வைக்கவேண்டிய கனத்தில் ஓர் அங்குலத்தைக் களவெடுத்தால் திறப்புவிழா அன்று யாருக்கும் தெரியாது. மாலையும் போடுவார்கள். சில வருடம் கழித்து அடிப்பக்கம் உதிரும்போது நீங்கள் வேறொரு வேலையில் நிற்பீர்கள். பார்க்காமல் கையெழுத்து வைக்கிற பொறியியலாளருக்கும் இதே பழிதான்.

புதிது என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் சபேலோ என்றொரு தீவு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் அங்கே சிறு ஊராக வாழ்கிறார்கள். 2024 ஒக்டோபர் 19, அவர்களுடைய பண்பாட்டு விழா நாள். திரும்பிப் போகிற கூட்டம் துறையில் படகுக்கு நின்றபோது அலுமினிய நடைபாலம் நடுவில் முறிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். எல்லோரும் எழுபது வயது தாண்டியவர்கள். அந்தப் பாலம் பழையதல்ல, 2021இல் போட்டது. சாதாரண நாளில் பத்துப்பேர் நடக்கும் பாலத்தில் விழா நாளில் கூட்டம் நின்றுவிடும். நமக்கும் ஆனி மாதத்தில் அம்மன் திருவிழா இருக்கிறது, வெசாக் இருக்கிறது. ஆளில்லாத செவ்வாய்க்கிழமை போய் அளந்துவிட்டு வராதீர்கள்; தேர் அன்று போய்த் துறையில் நின்று பாருங்கள்.

படகோட்டிகளே, துறை பெரிதானால் ஆளும் கூட ஏற்றலாம் என்று நினைத்துவிடாதீர்கள். தன்சானியாவில் நியெரேரே என்ற படகு 101 பேருக்கானது. 2018 செப்ரெம்பரில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட ஆட்களோடு போய், உக்காரா தீவின் துறைக்குக் கிட்ட வந்த பிறகு கவிழ்ந்தது. இறந்தவர்கள் இருநூறுக்கு மேல். கணக்கு நிரம்பியதும் கயிற்றை அவிழுங்கள். பாதுகாப்பு அங்கிகளைக் கூரையில் கட்டிவைக்காமல் ஆளுக்கொன்று கையில் கொடுங்கள். வெக்கை என்று கழற்றுகிறவரைப் பேசுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று கொல்லப்பட்டவர்களை இன்றும் வருடந்தோறும் நினைந்து அழுகிற ஊர் நெடுந்தீவு. அதே கடலில் அந்த ஊருக்குக் கவலையீனத்தால் இன்னொரு துக்கநாளை உண்டாக்காதீர்கள்.

யாத்திரை வருகிற அம்மா, ஐயா, வரிசையில் தீவுக்காரர் நின்றால் அவரை முன்னே விடுங்கள். உங்களுக்குப் படகு பிந்தினால் கும்பிடுதல் பிந்தும், அவ்வளவுதான். அவருக்கோ அன்றைய வைத்தியம் தவறிப்போகலாம்.

வேலை நடக்கும் மாதங்களிலும் படகு ஓடவேண்டும். தற்காலிகத் துறை எங்கே, இரவில் நோயாளியை எந்தப் பக்கத்தால் இறக்குவது, வெளிச்சம் யார் பொறுப்பு என்பதை முதல் தூண் இறங்குமுன் எழுதி, குறிகட்டுவானிலும் நெடுந்தீவின் மாவிலித்துறையிலும் ஒட்டுங்கள். அடிக்கல் நாட்டு விழாவுக்குப் பந்தலைத் துறைவாசலில் போடாதீர்கள். அமைச்சர் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றைய படகு நேரத்துக்குப் புறப்படவேண்டும்.