பட்டறையில் வளர்ந்த பிள்ளை



இன்று மே 1, தொழிலாளரான புனித சூசையப்பரின் நினைவு நாள். 1955-ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்திய நாள் இது. உலகமெங்கும் தொழிலாளர்கள் தங்கள் உரிமைக்காகத் தெருவில் இறங்கும் அதே நாளில், உளியும் வாளும் பிடித்து உழைத்த ஒரு தகப்பனைத் திருச்சபை பீடத்தருகே நிறுத்தி வணங்குகிறது.

இன்று நாம் கேட்ட மத்தேயு நற்செய்தியில் இயேசு தம் சொந்த ஊர்த் தொழுகைக்கூடத்தில் போதிக்கிறார். ஊரார் வியக்கிறார்கள். வியந்த வாய் மூடுமுன்னே, தச்சர் வீட்டுப் பிள்ளைதானே என்று தள்ளியும் விடுகிறார்கள். அந்தப் பட்டறை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே செய்த கதவும் கலப்பையும் அவர்களுடைய வீடுகளிலேயே இருந்திருக்கும். அப்படியிருந்தும், கடவுளின் ஞானம் அந்த மரத்தூளுக்குள் முப்பது ஆண்டுகள் வளர்ந்திருக்கக்கூடும் என்று அவர்களால் எண்ண முடியவில்லை.

நாசரேத்து மக்களைக் குறை சொல்வது எளிது. நம் வீடுகளில் என்ன நடக்கிறது?

நம் பங்கில் ஒரு தாய் இருக்கிறார். வாரம் முழுவதும் வேலைத்தலத்தில் நின்றே உழைக்கிறவர். சனிக்கிழமைகளில் மகனைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போகிறார். ரொறன்ரோ பொது நூலகம் 2014-இல் தன் பெரிய நூலகத்தில் ஒரு தொழில்நுட்பக் கூடத்தைத் திறந்தது. பின்னர் ஸ்காபரோ சிவிக் சென்டர் கிளை உட்பட வேறு சில கிளைகளிலும் அதைத் தொடங்கியது. அங்கே த்ரீ-டி பிரின்ரர் இருக்கிறது, பழகக் கணினி இருக்கிறது, சொல்லித்தர ஆள் இருக்கிறார். இந்தத் தாய் அங்கே போவது வீட்டில் சிலருக்குப் பிடிக்கவில்லை. "இந்த வயதில இதென்ன விளையாட்டு" என்கிறார்களாம். கோவில் வாசலில் என்னிடம், "சுவாமி, இது பிழையோ?" என்று கேட்டார்.

ஒரு சனிக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். சோளமாவிலிருந்து எடுக்கும் ஒரு வகைப் பிளாஸ்ரிக், 1.75 மில்லிமீற்றர் தடிப்பில் நீண்ட இழையாகச் சுற்றி இருக்கிறது. இயந்திரம் அதை ஏறத்தாழ 200 பாகை சூட்டில் உருக்கி, இடியப்பம் பிழிவதுபோல் தட்டின்மேல் கோடு கோடாக இடுகிறது. ஒரு படை 0.2 மில்லிமீற்றர். ஒரு சென்ரிமீற்றர் உயரம் எழும்ப ஐம்பது படை வேண்டும். வீட்டுச் சலவை இயந்திரத்தில் உடைந்துபோன திருகு குமிழுக்குப் பதிலாக அந்தத் தாய் ஒன்றைத் தாமே அளந்து, வரைந்து, செய்துகொண்டிருந்தார். முதல் படை தட்டில் ஒட்டவில்லை. இழை சுருண்டு எழும்பி முனையில் சிக்கிக்கொண்டது. அவர் இயந்திரத்தை நிறுத்தினார், தட்டைத் துடைத்தார், மறுபடி தொடங்கினார். மகன் குந்தியிருந்து பார்த்தபடி, "ஏன் அம்மா ஒட்டேல்ல?" என்றான். அவர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததை அங்கிருந்த பணியாளரிடம் இருவருமாகப் போய்க் கேட்டார்கள்.

களைத்து வீடு திரும்பும் தாயை அந்தப் பிள்ளை நாளாந்தம் பார்க்கிறான். அங்கேயோ, புதிதாக ஒன்றைக் கற்கும் தாயை, தவறினால் மீண்டும் தொடங்கும் தாயை, தெரியாது என்று சொல்லக் கூசாத தாயைக் கண்டான். எந்த மறைக்கல்வி வகுப்பிலும் என்னால் அவனுக்கு அதைக் கொடுக்க முடியாது. நாசரேத்தில் சிறுவன் இயேசு கண்டதும் இதைத்தான் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

விடுதலைப் பயண நூலைத் திறந்து பாருங்கள். ஆண்டவர் தம் கூடாரத்தை அமைக்க யூதா குலத்துப் பெட்சலேலையும் தாண் குலத்து ஒகொலியாபையும் தெரிந்தெடுக்கிறார். பெட்சலேலைத் தம் ஆவியால் நிரப்புகிறார். எதற்காக? பொன்னில் வேலை செய்ய, கல்லை வெட்ட, மரத்தைச் செதுக்க. 35-ஆம் அதிகாரம் இன்னும் இரண்டு காரியங்களைச் சொல்கிறது. கைத்திறமுள்ள பெண்கள் தாங்களே நூல் நூற்றுக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் மனத்தையும் ஆண்டவரே அந்த இருவருக்கும் அருளினார். திறமை, அதைக் கற்பிக்கும் விருப்பம் இரண்டும் ஒரே ஆவியாரின் கொடை. தகப்பன் மகனுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று யூத மறைநூல் அறிஞர்களும் போதித்தார்கள்.

பொழுதுபோக்காகச் செய்வதற்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் ஐவன் ஓவன் என்பவர் 2011-இல் ஒரு விழாவுக்கு வேடம் போட, விரல் அசையும் பெரிய இயந்திரக் கை ஒன்றைச் செய்தார். வெறும் ஆசைக்குச் செய்தது. அதன் காணொளியைக் கண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து ரிச்சர்ட் வான் ஆஸ் என்ற தச்சர் தொடர்புகொண்டார். மரம் அறுக்கும் இயந்திரத்தில் கைவிரல்களை இழந்தவர் அவர். இருவரும் சேர்ந்து அவருக்கு விரல் செய்யத் தொடங்கினார்கள். பின்னர் விரல்களின்றிப் பிறந்த ஒரு சிறுவனுக்கும் கை செய்து கொடுத்தார்கள். த்ரீ-டி பிரின்ரரில் செய்யக்கூடிய அந்த வடிவத்தை எவரும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாகவே வெளியிட்டார்கள். 2013-இல் உருவான ஈ-நேபிள் என்ற தன்னார்வலர் குழு, அந்த வழியில் பல நாடுகளில் பிள்ளைகளுக்குக் கை செய்து கொடுக்கிறது. ஒரு வேடக் கை எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

ஆனால் வீட்டிலிருந்து ஒளிந்துகொள்ளப் பட்டறைக்குப் போகிறவர்களும் உண்டு. பேஸ்மென்ற் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளை தட்டினால் "இப்ப வராதே" என்று சொல்லும் அப்பாமாரே, அந்தக் கதவைத் திறந்து வையுங்கள். வேலை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், ஆணி சிதறும், அளவு பிழைக்கும். பிழைக்கட்டும். மனைவியின் சனிக்கிழமையைக் கேலி செய்கிறவர்களே, அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள்.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கருவிகளை ஆசீர்வதிப்போம். சுத்தியல், தையல் கத்தரி, சாந்தகப்பை, எதுவானாலும் கொண்டுவாருங்கள். நூலகத்து இயந்திரத்தைத் தூக்கி வர முடியாது. அதில் செய்ததைக் கொண்டுவாருங்கள், அரைகுறையாக நின்றாலும் பரவாயில்லை. பிள்ளைகள் கையில் கொடுத்து முன்னால் அனுப்புங்கள். அது என்ன பொருள், அம்மா அப்பா அதை எப்படிச் செய்தார்கள் என்று நான் அவர்களிடம்தான் கேட்பேன்.