தோலும் தன்மானமும்

வட்டகொடைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் பதினைந்து வயது மாணவி ஒருத்தி, சில நாட்களாகக் கைக்குட்டையால் முகத்தை மறைத்தபடியே வகுப்பில் அமர்ந்திருந்தாள். காரணம் கேட்டதும் கண் கலங்கினாள். முகப்பருப் போகவும் நிறம் வெளுக்கவும் கடையொன்றில் வாங்கிய, பெயர்ச்சீட்டு இல்லாத களிம்பைப் பூசியிருந்தாள். முதலில் முகம் மினுமினுத்தது; பின்னர் சிவந்து எரிந்தது. “படிக்கிற பிள்ளைக்கு அலங்காரம் எதற்கு?” என்று ஆசிரியர் சிலர் கடிந்துகொண்டனர்.

அவள் செய்தது குற்றமா? இக்கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

முகப்பரு ஒழுக்கக் குறைவின் அடையாளமன்று; அழுக்கின் அடையாளமுமன்று. பூப்புப் பருவத்தில் உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மிகுந்த எண்ணெயும் இறந்த உயிரணுக்களும் மயிர்க்கால்களை அடைக்க, அங்கே கிருமிகள் பெருகி வீக்கம் உண்டாகிறது. மென்மையான சவர்க்காரத்தால் நாளுக்கு இருமுறை கழுவுவதும், பருவைக் கிள்ளாதிருப்பதும், தணியாவிடின் மருத்துவரை நாடுவதும் போதிய பராமரிப்பாகும். தன் உடலைப் பேணுதல் ஆணவமன்று. அதனைப் பழிப்பவர் அறத்தின் பெயரால் அறியாமையையே போதிக்கின்றனர்.

ஆயின், பருவைப் போக்க விரும்புவது ஒன்று. தன் நிறத்தையே நோயாகக் கருதுவது வேறொன்று. 1975இல் இந்தியாவில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபேர் அன்ட் லவ்லி’ களிம்பை அறிமுகப்படுத்தியது. 2020இல் அதன் பெயர் ‘குளோ அன்ட் லவ்லி’ என மாற்றப்பட்டது. பெயர் மாறியதால், கறுப்பை இழிவாக எண்ணும் மனம் மாறிவிடுமா? கட்டுப்பாடின்றி விற்கப்படும் வெளுப்புக் களிம்புகளிலோ ஆபத்து இன்னும் பெரிது. அவற்றிற் சிலவற்றில் பாதரசம் உண்டு. அது சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். சிலவற்றில் வலிய ஸ்டீராய்டு மருந்து உண்டு. அது தோலை மெலியச் செய்யும், பருக்களையும் பெருக்கும். அழகுசாதனங்களிலிருந்து பாதரசத்தை விலக்க வழிசெய்யும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் இணைந்த நாடே. ஆயினும் சட்டம் கடைத்தெருவை எட்டுமுன் களிம்பு லயத்தை எட்டிவிடுகிறது.

அந்தப் பெண் யாருடைய நிறத்தை அழிக்க முயன்றாள்? படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டி, வெயிலிலும் மழையிலும் கொழுந்து பறிக்கும் தன் தாயின் நிறத்தையன்றோ! உயரம் ஏற ஏறக் கதிரவனின் புறஊதாக் கதிர்களின் கடுமையும் ஏறும். குளிர் காற்று அதனை உணரவொட்டாமல் செய்யும். அத்தாயின் முகத்தில் படிந்திருப்பது அசிங்கமன்று, உழைப்பு. வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை அந்த உழைப்பையே இலக்கியமாக்கினார். இலக்கியத்தில் நாம் போற்றும் முகத்தைக் கண்ணாடியில் வெறுக்கும்படி பிள்ளையைப் பழக்கியது எது? உழைப்பவரைத் தாழ்த்தி, உழையாதவரின் நிறத்தை அழகாக்கிய சமுதாயமே.

எனவே, ஒரு பழக்கத்தை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. அது உடலுக்கு நலம் தருமாயின், பராமரிப்பு. பெற்றவளை மறைக்கத் தூண்டுமாயின், அவமானம். முன்னதைக் கற்பிப்போம், பின்னதை எதிர்ப்போம்.

ஆனால், பீலியடியில் வரிசை நின்று குடம் நிரப்பும் லயத்துப் பிள்ளைக்கு, “நாளுக்கு இருமுறை முகம் கழுவு” என்று சொல்லிவிட்டால் நம் கடமை தீர்ந்ததா? தண்ணீரும், மறைவான குளியலிடமும், அருகில் மருத்துவரும் இல்லாத இடத்தில் அறிவுரை பாதிப் பொய்யாகிவிடுகிறது. அவற்றைக் கேட்டுப் பெறுவதும் தோல் பராமரிப்பின் பகுதியே.

அந்த மாணவிக்கு முதலில் வேண்டியது கண்டிப்பன்று. களிம்பை நிறுத்தச் செய்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் கை ஒன்றே. அதன் பின், கைக்குட்டையை எடுத்துவிட்டு அவள் வகுப்பில் நிமிர்ந்து அமரும்படி, நம் பார்வையையும் திருத்திக்கொள்ள வேண்டும்.